வடபுலத்துக் கோடை

பண்டைத் தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வழங்கினர். கீழ்த்திசையிலிருந்து வருவது கொண்டல். தென்றிசையிலிருந்து வருவது தென்றல். வடதிசைக் காற்று வாடை. மேற்றிசைக் காற்று கோடை. வெயிற்காலத்தைக் குறிக்கும் சொல்லே மேல்காற்றின் பெயராகவும் நின்றமை ஆராய்தற்குரியது. வெயிலின் வெம்மையையும் காற்றின் வறட்சியையும் பிரித்து நோக்காது, ஒரே பருவத்தின் இரு கூறுகளாகக் கண்ட அறிவு அச்சொல்லிற் பொதிந்துள்ளது.

இற்றைநாளிலும் ஈழத்தின் வடபுலத்து மக்கள் காற்றைக் கொண்டே பருவத்தை அறிகின்றனர். தென்மேற்கிலிருந்து வீசுங் காற்றை யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பர். மலைநாட்டைக் கடந்து மேற்கிலிருந்து வரும் வறள்காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பர். சோழகம் எப்போது எழும், சித்திரைச் சிறுமாரி பொழியுமா பொய்க்குமா, கிணற்று நீர் ஆவணி வரை நிற்குமா என்னும் வினாக்கள் தோட்டக்காரனுக்குங் கடற்றொழிலாளிக்கும் ஆண்டுதோறும் எழுவன. இவ்வினாக்களுக்கு வானிலை நூல் எவ்வளவு விடை தரவல்லது, எவ்வளவு தரவியலாது என்பதை அறிதல் இன்றியமையாதது. ஏனெனில், கோடையைப் பற்றிய எதிர்வுகூறலை அளவுக்கு மீறி நம்புதலும் அறவே நம்பாது விடுதலும் ஒப்பவே இழப்பைத் தருவன. வடபுலத்துக் கோடையின் மூன்று கூறுகளாகிய பனிமூட்டம், வெப்பம், இடிமழை என்பவற்றின் தோற்றத்தையும், அவற்றை முன்னறியும் முறையையும் இக்கட்டுரை விளக்கும்.

பருவங்களின் ஒழுங்கு

இலங்கையின் ஆண்டை வளிமண்டலவியல் திணைக்களத்தார் நான்கு பருவங்களாக வகுப்பர். மார்ச்சும் ஏப்பிரிலும் முதலாவது இடைப்பருவக்காற்றுக் காலம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். ஒக்ரோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக்காற்றுக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம்.

யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டொன்றிற் பெறும் மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாகும். இதன் பெரும்பங்கு ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரையுள்ள மூன்று திங்களிலேயே பொழிந்து தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய திங்கள்களில் அம்மழையின் சேமிப்பைக் கொண்டே நிலமும் மக்களும் வாழவேண்டும். ஆகவே இங்குக் கோடை என்பது பெப்ரவரியில் பனியோடு தொடங்கி, ஏப்பிரிலில் வெப்பமும் இடியுமாக முதிர்ந்து, மே முதல் செப்ரெம்பர் வரை சோழகத்தின் வறட்சியாக நீளும் ஒரு தொடர் நிகழ்ச்சி எனலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று வடபுலத்துக்கு மழை தராமைக்குக் காரணம் மத்திய மலைநாடே எனப் பள்ளி மாணவர் பலர் எழுதுவர். கிழக்கு மாகாணத்தைப் பொறுத்தவரை அது பொருந்தும். மலையின் மேற்குச் சரிவில் ஏறுங் காற்று வட்டவளை, கினிகத்தேனை போன்ற இடங்களில் ஈரத்தை இழந்து, கீழைச் சரிவில் இறங்குகையில் வெப்பமுற்று வறண்டுவிடுகின்றது. யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. இங்கு வருஞ் சோழகம் மன்னார்க் குடாவையும் பாக்கு நீரிணையையும் அவற்றை அடுத்த தட்டை நிலத்தையுந் தடவி வருகின்றது. அதன் வழியிற் காற்றை மேலெழச் செய்யும் குன்று யாதுமில்லை. ஈரங் கொண்ட காற்றாயினும் மேலெழுந்து குளிர்ந்தாலன்றி அது மழையாகாது. மலை தடுத்தமையினும் பார்க்க, மலை இல்லாமையே குடாநாட்டின் கோடை வறட்சிக்குப் பெருங் காரணமாகும்.

பனிமூட்டம்

கோடையின் முன்னறிவிப்பாளன் பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது ஊர்வழக்கு. தை, மாசித் திங்கள்களில் வாடைக் காற்று மெலிகின்றது, வானம் தெளிகின்றது. முகில் மூடிய இரவில் நிலத்தினின்று கதிர்வீசலால் வெளியேறும் வெப்பத்தை முகில் தடுத்து மீட்டளிக்கும். முகிலற்ற இரவில் அவ்வெப்பம் தடையின்றி விண்ணிற் கலந்துவிடும். நிலம் குளிர, நிலத்தைத் தொட்டு நிற்கும் வளியுங் குளிரும். வயல்களும் குளங்களும் மாரிமழையின் ஈரத்தை இன்னும் இழக்காத காலமாதலின், அவ்வளியில் நீராவி செறிந்திருக்கும். குறித்ததொரு வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தவுடன் நீராவி ஒடுங்கி நுண்ணிய நீர்த்துளிகளாகி நிலத்தை அண்டி மிதக்கின்றது. இதுவே மூடுபனி.

தெளிந்த வானம், ஈர நிலம், காற்றின் அடக்கம் என்னும் மூன்றும் ஒருங்கு கூடினாலன்றி இத்தகைய பனி தோன்றாது. காற்று வலுத்தால் மேலுள்ள இளஞ்சூட்டு வளி கீழுள்ள குளிர்வளியோடு கலந்து பனியைக் குலைத்துவிடும். ஆதலால் கடற்கரையை அண்டிய ஊர்களிலும் பார்க்க, வன்னியின் குளக்கட்டுகளும் வயல்வெளிகளும் சூழ்ந்த பகுதிகளிலே பனி செறியும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பொருள் புலப்படாவிடின் அதனை மூடுபனி என்றும், அதற்கு மேற் புலப்படின் மென்பனி என்றும் வானிலையாளர் வகுப்பர். கண்டி வீதியில் விடியற்காலையிற் பயணஞ் செய்யும் பேருந்துச் சாரதிக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. கதிரவன் ஏறி நிலஞ் சூடேறியதும் நீர்த்துளிகள் மீண்டும் ஆவியாகி, காலை எட்டு ஒன்பது மணியளவிற் பனி கலையும்.

பனியின் விளைவு பார்வைத் தடையோடு நிற்பதன்று. மாமரம் பூக்குங் காலமும் வெங்காயம் தாளெடுக்குங் காலமும் இதுவே. இலையிலும் பூவிலும் பல மணிநேரம் ஈரம் படிந்திருப்பின் பங்கசு நோய்கள் எளிதிற் பரவும். அன்றியும், பனியையும் புகைமாசையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். 2022 டிசெம்பர் முற்பகுதியில் இலங்கை வானத்தை மூடிய மங்கலைப் பலர் பனியெனவே எண்ணினர். உபகண்டத்திலிருந்து காற்று கொணர்ந்த நுண்மாசு அதிற் செறிந்திருந்தமையால் டிசெம்பர் 9ஆந் தேதி பாடசாலைகள் மூடப்பட்டன. பனி வெயில் ஏறக் கலையும். மாசு நண்பகலிலும் நிற்கும். இவ்வேறுபாட்டை மாணவர் எவரும் தம் கண்ணாலேயே காணலாம்.

வெப்பம்

மார்ச்சுத் திங்கள் 21ஆந் தேதியளவிற் கதிரவன் நிலநடுக்கோட்டின்மேல் நிற்கின்றான். அதன்பின் வடக்கு நோக்கிச் செல்லும் அவன் ஏப்பிரில் 5ஆந் தேதியளவில் இலங்கையின் தென்கோடிக்கு நேர்மேலாகவும், ஏப்பிரில் 15ஆந் தேதியளவில் வடகோடிக்கு நேர்மேலாகவும் உச்சி பெறுகின்றான். சித்திரைப் புத்தாண்டு நாளை அடுத்துக் குடாநாட்டில் நண்பகலில் நிமிர்ந்து நிற்குந் தூணுக்கு நிழலில்லை. ஓகஸ்ட் இறுதியில் தெற்கே திரும்பும்போதும் ஒருமுறை இவ்வாறு நிகழும்.

எனினும் யாழ்ப்பாணத்தின் நண்பகல் வெப்பநிலை ஏப்பிரில், மே மாதங்களிற் பெரும்பாலும் 32 முதல் 34 பாகை செல்சியசு வரையிலேயே நிற்கின்றது. இந்தியாவின் உள்நாட்டுச் சமவெளிகளில் இதே காலத்தில் 40 பாகையைக் கடத்தல் வழக்கம். முப்புறமுங் கடலும் இடையிடையே கடனீரேரியுஞ் சூழ்ந்தமையே இதற்குக் காரணம். நீர் மெல்லச் சூடேறும், மெல்லவே ஆறும். ஆகவே பகலின் உச்சம் தணிவதுபோலவே இரவின் தணிவுங் குன்றிவிடுகின்றது. பகலில் உழைத்த உடல் இரவில் ஆறுதற்கு வழியில்லை என்பதே கடலோரக் கோடையின் கொடுமை.

வெப்பமானி காட்டும் எண் மட்டும் இக்கொடுமையை அளவிடாது. மனிதவுடல் தன்னைக் குளிர்விக்கும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதலாகும். ஒரு லீற்றர் வியர்வை முற்றும் ஆவியாயின் ஏறத்தாழ 580 கிலோக்கலோரி வெப்பத்தை உடலினின்று கவர்ந்து செல்லும். வளியில் ஈரப்பதன் மிகுந்திருப்பின் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இதனை உளங்கொண்டே வெப்பச் சுட்டி என்னும் அளவை வகுக்கப்பட்டது. வெப்பநிலை 32 பாகையாயிருக்க ஈரப்பதன் 50 வீதமாயின் உடல் உணரும் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை. ஈரப்பதன் 70 வீதமாயின் அது ஏறக்குறைய 41 பாகை. வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டியிருக்க உடலின் இடர் ஒரு படி ஏறிவிடுகின்றது. வெப்பச் சுட்டி 41 பாகையைக் கடப்பின் அஃது ஆபத்து நிலை எனக் கொள்ளப்படும்.

2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையின் பல மாவட்டங்களுக்கு இவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, மாணவரை வெயிலில் ஈடுபடுத்துவது குறித்துக் கல்வியமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் வழங்கியது. இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நிகழுங் காலமும் வெப்பம் ஏறுங் காலமும் ஒன்றாயிருத்தலை ஆசிரியர் மறத்தலாகாது. நெடுந்தூர ஓட்டத்தை விடியற்காலையில் வைத்தல், நீரை வேட்கை எழுமுன்னரே பருகுவித்தல், அணிவகுப்பை நிழலில் நிறுத்தல் என்பன செலவற்ற காப்புகள். தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன முதற்குறிகள். உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்து அறிவு தடுமாறத் தொடங்கின் அது வெப்பவாதம். உயிர்க்கு இறுதி விளைக்கவல்லது. அத்தகையோரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிறியவாறே தாமதமின்றி மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

இடிமழை

வெப்பம் முதிர்ந்த இடத்தில் இடிமழை பிறக்கின்றது. இடைப்பருவக்காற்றுக் காலத்தில் நிலையான பெருங்காற்று இல்லை. முற்பகல் வெயிலாற் சூடேறிய நிலம் தன்மேலுள்ள வளியைச் சூடாக்க, அவ்வளி விரிந்து இலேசாகி மேலெழுகின்றது. கிலோமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 பாகை வீதங் குளிர்ந்து, ஓரளவு உயரஞ் சென்றதும் நீராவி ஒடுங்கி முகிலாகின்றது. ஒடுங்குகையில் நீராவி தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் வளியை மேலும் உயர்த்தும். இவ்வாறு தன்னைத் தானே வளர்க்கும் முகில் ஓரிரு மணிநேரத்தில் 10 கிலோமீற்றருக்கு மேலோங்கிக் கருந்திரளாகி நிற்கும். இதனை மேற்காவுகை மழை என்பர். இருபுறக் கடற்காற்றுகளும் உள்நாட்டில் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடத்தில் எழுச்சி வலுக்குமாதலின், ஒடுங்கிய குடாநாட்டிலும் பார்க்க அகன்ற வன்னி நிலத்திலே பிற்பகல் முகில்கள் எளிதில் முதிர்கின்றன.

அம்முகிலின் உச்சியில் பனிக்கட்டித் துணுக்குகளும் மென்பனி உருண்டைகளும் ஓயாது மோதி உராய்வதால் மின்னேற்றம் பிரிகின்றது. மேற்பகுதியில் நேரேற்றமும் கீழ்ப்பகுதியில் எதிரேற்றமுந் திரள, இடைநின்ற வளியின் தடையை உடைத்துக்கொண்டு மின்னல் பாய்கின்றது. மின்னல் பாயும் வழியின் வளி ஏறக்குறைய 30,000 பாகைக்குச் சூடேறித் திடீரென விரிதலின் ஓசையே இடி. இலங்கையில் மின்னல் மிகுந்த திங்கள் ஏப்பிரில் ஆகும். மழை சிறிதாயிருப்பினும் மின்னல் சிறிதன்று. குடாநாட்டின் சித்திரைச் சிறுமாரி ஆண்டு மழையிற் சிறு பங்கே. உயிரிழப்புக்கோ அச்சிறு மழையோடு வரும் ஒரு மின்னல் போதும்.

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே மின்னல் கண்டு இடி கேட்கும்வரை செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் வீழ்ந்த தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். எண்ணிக்கை முப்பதுக்குக் குறையின் இடிமுகில் 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது எனக் கொண்டு உறுதியான கட்டடத்துட் செல்லல் வேண்டும். இறுதி இடி கேட்டு அரைமணி நேரங் கழிந்த பின்னரே வெளியேறுதல் நன்று. தட்டையான நிலத்தில் ஓங்கி நிற்பது பனையும் தென்னையும் ஆதலால் மின்னல் அவற்றையே முதலில் நாடும். மழைக்கு ஒதுங்குவோர் பனையடியையே நாடுதல் பெருந் தவறு. தோட்டத்துக் கொட்டிலும் மின்னலுக்குக் காப்பாகாது. மூடிய உலோக உடலுடைய பேருந்து பெரிதுங் காப்பளிக்கும். வெளிக்கடலிற் சிறு படகில் நிற்போரே யாவரினும் இடர்மிக்கோர். பிற்பகலிற் கருமுகில் எழக் காணின் அவர்கள் கரை திரும்புதலன்றி வேறு வழியில்லை.

இடிமுகிலையும் சூறாவளியையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. இடிமுகில் ஒரு பிற்பகலிற் பிறந்து இறப்பது. சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகன்று நாட்கணக்கில் நிலைப்பது. வடபுலத்தைத் தாக்கிய பெருஞ் சூறாவளிகள் பெரும்பாலும் மாரியைச் சார்ந்தவை. மன்னாரையும் தனுஷ்கோடியையும் சிதைத்த சூறாவளி 1964 டிசெம்பர் 22, 23ஆந் தேதிகளில் வீசியது. 2020 டிசெம்பர் 2ஆந் தேதி புரெவிச் சூறாவளி முல்லைத்தீவை அண்டிக் கரை கடந்தது. ஆயினும் கோடையிலும் விதிவிலக்கு உண்டு. 2016 மே நடுப்பகுதியில் இலங்கையை ஒட்டி உருவாகிப் பின்னர் றோனு என்னுஞ் சூறாவளியாகிய தாழமுக்கம், அரநாயக்கவில் மலைச்சரிவையும் களனிக் கரையில் வெள்ளத்தையும் விளைத்தது. அதே தாழமுக்கத்தால் வறண்ட கிளிநொச்சியிலும் ஒருநாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிந்தது. ஆண்டு மழையின் நாலிலொரு பங்கை ஒருநாளிற் கண்ட நிகழ்ச்சி அது.

சோழகமும் நிலநீரும்

மே இறுதியிற் சோழகம் நிலைபெறுகின்றது. மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்க, முல்லைத்தீவு முதலான கிழக்குக் கரைக் கடல் அமைதியுறும். நீர்கொழும்பு, சிலாபப் பகுதிக் கடற்றொழிலாளர் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது இக்காரணம் பற்றியே.

நிலத்தில் நிகழ்வது கண்ணுக்குப் புலனாகாதது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கற்படைகளின் துளைகளிலும் பிளவுகளிலும் தங்கிய மாரி நீரே கிணறுகள் யாவற்றுக்கும் முதல். அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆகும். இச்சிறு வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின் கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும். மாறாக, இறைப்பினால் நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நீடிப்பின் அடியிலிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழ முற்படும். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருத்தல் இவ்வுண்மைக்கு யாவருங் காணத்தக்க சான்று.

துலா மிதித்தும் சூத்திரம் சுற்றியும் இறைத்த காலத்தில் மனிதனதும் மாட்டினதும் களைப்பே நீர்ச்செலவுக்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. வறண்ட காற்று வீசுங் காலத்தில் வெளிநிலத்தினின்று நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது எனக் கொள்ளின், மே முதல் ஓகஸ்ட் வரையுள்ள ஏறக்குறைய 120 நாளிற் செல்வது 600 மில்லிமீற்றர். ஆண்டு முழுதும் பெய்யும் மழையின் ஏறத்தாழ அரைப்பங்கு இது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் பாய்ச்சும் நீர் இவ்வெயிலோடும் காற்றோடும் போட்டியிட்டே பயிரை அடைகின்றது. உவரேறிய கிணறு பின்னர் ஒரு மாரியில் முற்றாகத் தேறாமலும் போகலாம். கோடையை முன்னறிதலின் பயன் இங்கேதான் மிகப் பெரிது.

முன்னறிதலின் ஆற்றலும் எல்லையும்

பருவத்தை முன்கூட்டியுரைக்கும் முயற்சி பஞ்சத்தினின்று பிறந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சத்தின் பின்னர், இந்திய வானிலைத் துறைத் தலைவராயிருந்த என்றி பிளான்போர்ட்டு இமயப் பனியின் அளவைக் கொண்டு பருவமழையை மதிப்பிட முயன்றார். 1886ஆம் ஆண்டில் முறையான எதிர்வுகூறல் வெளியாயிற்று. 1904இற் பொறுப்பேற்ற கில்பேட்டு வாக்கர், இந்துமாகடலிலும் பசுபிக்குமாகடலிலும் வளியமுக்கம் தராசின் இரு தட்டுப்போல் மாறிமாறி ஏறியிறங்குதலைக் கண்டு, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். பசுபிக்குமாகடலின் கிழக்குப் பகுதி வழமையிலும் மிகுதியாகச் சூடேறும் எல் நினோ நிகழ்ச்சிக்கும் தென் அலைவுக்கும் உள்ள தொடர்பை 1969இல் யேக்கப் பியர்க்கினிசு என்னும் அறிஞர் தெளிவுறுத்தினார். எல் நினோ ஆண்டுகளில் இலங்கையின் தென்மேற்குப் பருவமழை குன்றும் போக்கும், ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மழை மிகும் போக்கும் காணப்படுகின்றன. போக்கு என்பதை மாறா விதியெனக் கொள்ளலாகாது.

2010ஆம் ஆண்டு முதல் தென்னாசிய நாடுகளின் வானிலையாளர் கூடி, யூன் முதல் செப்ரெம்பர் வரையுள்ள பருவத்துக்குப் பொது நோக்கு ஒன்றை வெளியிட்டு வருகின்றனர். அதன் மொழியைப் பயில்தல் வேண்டும். கடந்த முப்பதாண்டு மழையளவுகளை ஏறுவரிசைப்படுத்தி மூன்று சம கூறாக்குவர். மிகக் குறைந்த பத்தாண்டுகள் சராசரிக்குக் கீழ். இடைப் பத்தாண்டுகள் சராசரி. மிகக் கூடிய பத்தாண்டுகள் சராசரிக்கு மேல். யாதொரு செய்தியும் அறியாதவிடத்து மூன்றுக்கும் வாய்ப்பு ஒப்பவே 33 வீதமாகும். நோக்கு ஒன்று முறையே 45, 35, 20 வீதம் எனக் கூறுமாயின், மழை குறையும் என்று அது முடிவாகக் கூறவில்லை. அத்தகைய நோக்கு வெளியான இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்பதில் மழை குறையும். நான்கில் மிகும் என்பதே அதன் பொருள். மழை மிகுந்த அந்நான்கு ஆண்டுகளில் ஒன்றைக் கண்டவுடன் எதிர்வுகூறல் பொய்த்தது என்பார் அதன் பொருளை உணராதாரே.

இந்நோக்கு ஒரு பருவத்தின் சாய்வைக் கூறும். ஒரு நாளின் நிகழ்ச்சியைக் கூறாது. 2016 மே மாதத்துக் கிளிநொச்சி மழையை எந்தப் பருவ நோக்குந் தேதியிட்டுக் கூறியிருக்க இயலாது. அதனை முன்னறிதல் சில நாட்களுக்கு முன் வெளியாகும் வானிலை அறிக்கையின் வேலை. இடிமுகிலை ஊர் குறித்து முன்னறிதல் ஒருசில மணிநேரத்துக்கு முன்னரே கைகூடும். ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வோர் அளவுகோல் உண்டு. எவ்வளவு நிலத்தில் வெங்காயம் நடுவது, எக்கிணற்றில் இறைப்பைக் குறைப்பது என்பவற்றுக்குப் பருவ நோக்கைக் கொள்ளல் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கும் நெடும்பயணத்துக்கும் கடற்செலவுக்கும் நாளறிக்கையைக் கொள்ளல் வேண்டும். மின்னலுக்குக் கண்ணையுங் காதையுமே கொள்ளல் வேண்டும்.

சராசரி என்னும் சொல்லும் நிலையானதன்று. 1991 முதல் 2020 வரையுள்ள முப்பதாண்டுகளே இப்போது பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன; முந்திய முப்பதாண்டுகளை நோக்க இவை வெப்பமிக்கவை. 2024ஆம் ஆண்டு உலகளாவிய பதிவுகளில் அதுவரை காணாத வெப்பமிக்க ஆண்டாயிற்று. வெப்பம் சராசரியளவே எனும் அறிவிப்புங்கூடப் பாட்டன் அறிந்த கோடையைச் சுட்டுவதன்று என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

பனி, வெப்பம், இடி, சோழகம் என்னும் நான்கும் ஒரே கதிரவனும் ஒரே நிலவீரமும் மாறிமாறி விளைப்பவை. மாரி நீர் நிலத்தில் நின்றமையாற் பனி விழுந்தது. அந்நீர் வற்ற வெப்பம் ஏறியது. வெப்பம் முதிர இடி முழங்கியது. இடி ஓயச் சோழகம் எஞ்சிய ஈரத்தையும் கவர்ந்தது. இவ்வொழுங்கை அறிந்தவனுக்கு எதிர்வுகூறலின் எண்கள் பொருளுடையனவாகும். அறியாதவனுக்கு அவை சோதிடமாகவே தோன்றும்.

கற்றோர் இதில் ஆற்றத்தக்க பணி எளியது. கல்லூரிதோறும் ஒரு மழைமானியும் ஒரு வெப்பமானியும் வைத்து மாணவரே நாடோறும் பதிதல் கூடும். வீட்டுக் கிணற்றில் முடிச்சிட்ட கயிறொன்றை இறக்கி வாரந்தோறும் நீர்மட்டத்தை அளந்து, நீரின் சுவையையுங் குறித்து வைத்தல் அதனினும் எளிது. மாசியில் எத்தனை முடிச்சு நனைந்தது, ஆனியில் எத்தனை நனைந்தது எனக் காட்டும் ஐந்தாண்டுக் குறிப்பு, தன் ஊரின் கோடையைப் பற்றி எந்நூலிலும் இல்லாத செய்தியை அம்மாணவனுக்கு அளிக்கும். ஒக்ரோபரில் முதல் மழை விழுமுன் இன்னும் எத்தனை நாள் இறைக்கலாம் என்று தந்தை வினவும்போது, அக்குறிப்பைப் பார்த்து அவன் விடை கூறுவான்.